கையில் 39 லட்சம், மாதம் எவ்வளவு எடுக்கலாம்?

வில்லாபுரம் ஸ்டோர்ஸ்காரர், ஆகஸ்ட் 17, 2025

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 58 வயது. கப்பலூர் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் 31 வருடம் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்துவிட்டு மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றேன். பி.எஃப். பணம் ஜூலை 4-ஆம் தேதி கணக்கில் விழுந்தது, முப்பதரை லட்சம். கிராஜுவிட்டி 6.8 லட்சம், லீவு சம்பளம் 1.7 லட்சம். ஆக மொத்தம் 39 லட்சம். என் பாஸ்புக்கில் இப்படி ஓர் எண்ணை இதற்குமுன் பார்த்ததே இல்லை. ஆறு வாரமாக அது சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது. தொட பயமாக இருக்கிறது.

பி.எஃப். ஓய்வூதியம் மாதம் 4,100 ரூபாய் வரும். வில்லாபுரத்தில் சொந்த வீடு. அவனியாபுரம் பக்கம் 2003-இல் வாங்கிப் போட்ட மூன்று சென்ட் மனை ஒன்று உண்டு. மனைவிக்கு 54 வயது, வேலைக்குப் போகவில்லை. மகளுக்குக் கல்யாணம் முடிந்து திண்டுக்கல்லில் இருக்கிறாள். மகன் சென்னையில் ஃபிளாட் வாங்கப் பார்க்கிறான், முன்பணத்துக்கு 10 லட்சம் கேட்கிறான். வாய்விட்டு அதிகம் கேட்கவில்லை, ஆனால் எதிர்பார்க்கிறான் என்று தெரிகிறது.

வீட்டுச் செலவை மூன்று மாதம் நோட்டுப் போட்டு எழுதினேன். மளிகை, பால், காய்கறி, கேஸ், கரண்ட், எனக்குச் சர்க்கரைக்கும் அவளுக்குப் பிரஷருக்கும் மாத்திரை, பெட்ரோல், மொய் எல்லாம் சேர்த்து மாதம் 27,000 ஆகிறது.

என் கேள்வி இதுதான். சம்பளம் வந்தவரை சம்பளத்துக்குள் வாழத் தெரிந்தது. இப்போது ஒரு குவியல் இருக்கிறது, அதிலிருந்து மாதாமாதம் எவ்வளவு அள்ளலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. "வட்டியை மட்டும் சாப்பிடு, முதலில் கை வைக்காதே" என்று அப்பா சொல்வார். அது போதுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தல்லாகுளம் ஏஜென்ட் அக்கா, ஆகஸ்ட் 17, 2025

அண்ணே, முதலில் தேதியைக் கவனியுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயது ஆனவர்கள் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். உங்களைப் போல 55-லிருந்து 60-க்குள் ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேர்ந்தாக வேண்டும். முன்பு ஒரு மாதம்தான் இருந்தது, 2023 நவம்பரில் மூன்றாக்கினார்கள். உங்களுக்கு ஜூலை 4-இல் வந்திருக்கிறது என்றால் அக்டோபர் தொடக்கத்துக்குள் வேலையை முடியுங்கள். தவறவிட்டால் 60 வரை காத்திருக்க வேண்டும்.

இப்போது வட்டி 8.2 சதவீதம். ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம். 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். மீதி 9 லட்சத்தைத் தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் போட்டால் 7.4 சதவீதம், மாதம் 5,550. இரண்டும் சேர்ந்தால் மாதம் 26,050, ஓய்வூதியத்தோடு 30,150. உங்கள் 27,000 அடங்கிவிடுகிறது. முதல் அப்படியே இருக்கும். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள், நிம்மதியாக இருக்கிறார்கள்.

வட்டியில் வருமான வரி பிடிக்காமலிருக்க 15எச் படிவம் கொடுக்கச் சொல்வார்கள். அது 60 வயதானவர்களுக்கு. உங்களுக்கு இப்போது 15ஜி.

அண்ணா நகர் கார்த்தி, ஆகஸ்ட் 18, 2025

என் அப்பா மூன்று வருடம் முன்பு ஓய்வு பெற்றபோது நான் இதைக் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-இல் ஒரு கணக்குப் போட்டார். 1926 முதலான அந்த நாட்டுப் பங்கு, கடன் பத்திர வருமானத்தை எடுத்துக்கொண்டு, எந்த வருடம் ஓய்வு பெற்றிருந்தாலும் 30 வருடம் பணம் தீராமலிருக்க முதல் வருடம் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்த்தார். வந்த விடை சுமார் 4 சதவீதம். அடுத்தடுத்த வருடங்களில் விலைவாசி ஏறுகிற அளவுக்கு அந்தத் தொகையை ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் 39 லட்சத்தில் 4 சதவீதம் 1,56,000. மாதம் 13,000.

ஆனால் அது அவர்கள் ஊர்ப் பங்குச் சந்தை, அவர்கள் ஊர் விலைவாசி. பணத்தில் பாதியாவது பங்கில் இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. நம்மூர் டெபாசிட்டுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அப்பா பணத்தில் நாலில் ஒரு பங்கை மட்டும் மியூச்சுவல் ஃபண்டில் போட்டோம், அதுவும் பத்து வருடம் தொட மாட்டோம் என்ற முடிவோடு. 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் மார்ச் 23-இல் 26,000-க்குக் கீழே முடிந்தது. அந்த நேரம் மாதச் செலவுக்கு ஃபண்ட் யூனிட்டை விற்க வேண்டியவர்களை நினைத்துப் பாருங்கள். பின்னால் சந்தை எழுந்தபோது விற்ற யூனிட் திரும்பி வரவில்லை.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அக்கா சொன்ன மாதிரி 39-ஐயும் பூட்டிவிட்டால், நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எதை உடைப்பீர்கள்?

திருநகர் பெரியவர், ஆகஸ்ட் 19, 2025

தம்பி, எனக்கு 71 வயது. நானும் 58-இல் ஓய்வு பெற்றவன்தான். ஒரு நூற்பாலையில் 33 வருடம் கணக்குப் பிரிவு. 2012-இல் கையில் 22 லட்சம் வந்தது. பதின்மூன்று வருடமாக அதிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எனக்கு அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

உங்கள் அப்பா சொன்னதையேதான் என் அப்பாவும் சொன்னார். வட்டி நமக்கு, முதல் பிள்ளைகளுக்கு. அன்றைக்கு மூத்த குடிமக்கள் திட்டத்தின் உச்சவரம்பு 15 லட்சம், வட்டி 9.3. மூன்று மாதத்துக்கு 34,875 ரூபாய் வந்தது. மீதி 7 லட்சம் பேங்க்கில். மாதச் செலவுக்குத் தாராளமாகப் போதும். வந்த வட்டியை முழுக்கச் செலவு செய்தோம். முதலைத் தொடவில்லை என்று பெருமையாகவும் இருந்தது.

2017-இல் ஐந்து வருடம் முடிந்து மூன்று வருடம் நீட்டித்தேன், வட்டி குறைந்தது. 2020-இல் மறுபடி புதிதாகப் போட்டபோது 7.4 சதவீதம்தான். அதே 15 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு 27,750. எட்டு வருடத்தில் அரிசி, எண்ணெய், மாத்திரை விலையெல்லாம் எங்கேயோ போய்விட்டது, என் வருமானம் மட்டும் 7,125 ரூபாய் இறங்கியிருந்தது. முதல் அப்படியே இருந்தது, ஒரு ரூபாய் குறையவில்லை. அந்த 15 லட்சத்துக்கு 2012-இல் வாங்க முடிந்ததை 2020-இல் வாங்க முடியவில்லை, அவ்வளவுதான். அதாவது வட்டி என்று நினைத்து நான் சாப்பிட்டதில் முதலும் கலந்திருந்தது. கணக்குப் பிரிவிலேயே இருந்த எனக்கு அது எட்டு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2015-இல் என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தால் சரியாகும், மூன்றரை லட்சம் ஆகும். பேங்க்கில் 7 லட்சம் இருந்தது. முதலாயிற்றே என்று தைலம், பெல்ட், ஊசி என்று நாலு வருடம் ஓட்டினேன். திருப்பரங்குன்றம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். கார்த்திகைக்குக் கார்த்திகை தவறாமல் போனவள், அந்த நாலு வருடமும் வாசல் படியில் உட்கார்ந்து என்னை மட்டும் அனுப்பிவைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2019-இல் மகள் வந்து சண்டை போட்ட பிறகுதான் ஆபரேஷன் செய்தோம். இப்போது நன்றாக நடக்கிறாள். போன நாலு வருடத்துக்கு நான் என்ன வட்டி போட்டுக் கொடுப்பது?

அதனால் முதல், வட்டி என்று பிரித்துப் பார்ப்பதையே விட்டுவிடுங்கள் என்கிறேன். அந்தப் பிரிவு இருப்பதால்தான் செலவு செய்யக் கூடாத வட்டியைச் செலவு செய்கிறோம், செலவு செய்ய வேண்டிய முதலைப் பூட்டி வைக்கிறோம். இருப்பது ஒரே பானை. அது எத்தனை வருடத்துக்கு வர வேண்டும் என்பதுதான் கேள்வி. உங்கள் ஆயுளை வைத்து அல்ல, உங்கள் மனைவியின் ஆயுளை வைத்து. அவருக்கு 54. தொண்ணூறு வரை என்று வையுங்கள், 36 வருடம். உங்களுக்குப் பிறகு அவருக்கு வரும் ஓய்வூதியம் உங்களுடையதில் பாதிதான் என்பதும் நினைவிருக்கட்டும். அந்த ஓய்வூதியம் அரசு ஓய்வூதியம் மாதிரி அகவிலைப்படியோடு ஏறுவதும் இல்லை.

உங்கள் கணக்கை நேற்று ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 39 லட்சம், செலவு 27,000, அது வருடம் 6 சதவீதம் ஏறும், பணத்துக்குச் சராசரியாக 7.5 சதவீதம் கிடைக்கும், ஓய்வூதியம் 4,100-லேயே நிற்கும் என்று வைத்துக்கொண்டேன். முதல் வருட முடிவில் 38.97 லட்சம். இரண்டாம் வருடம் 38.73. மூன்றாம் வருடம் 38.25. பார்த்தீர்களா, அசைவே தெரியாது. நாலு வருடம் கழித்துக்கூட 37.5 இருக்கும், எல்லாம் சரியாகப் போகிறது என்றுதான் தோன்றும். பத்தாம் வருடம் 25 லட்சம். பதினான்காம் வருட முடிவில் ஐந்தரை லட்சம். பதினைந்தாவது வருடச் செலவுக்கே அது பற்றாது. அப்போது உங்களுக்கு 72, உங்கள் மனைவிக்கு 68.

மகனுக்கு 10 லட்சம் கொடுத்துவிட்டு 29-இல் தொடங்கினால் பத்து வருடம். மனைவிக்கு 64.

பயமுறுத்த எழுதவில்லை தம்பி. முதல் சில வருடத்தில் செய்கிற சின்ன மாற்றம் பின்னால் எவ்வளவு பெரிதாகிறது என்பதையும் பாருங்கள். செலவை 22,000-க்குக் கொண்டுவந்தால் பதினான்கு வருடம் பதினெட்டாகிறது. செலவைக் குறைக்காமல், நாலு வருடம் மட்டும் மாதம் 12,000 வருகிற மாதிரி ஒரு வேலை பார்த்தால் பதினாறு. இரண்டையும் செய்தால் இருபத்தோரு வருடம். உங்களுக்கு 79, அவருக்கு 75 வரை. அதற்குப் பிறகு இருக்கிற கடைசிக் கைதான் அவனியாபுரம் மனை. அதை யார் பெயருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். அது உங்கள் மனைவியின் எழுபத்தைந்துக்கு மேற்பட்ட காலத்துக்கு.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாஸ்புக்கெல்லாம் எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் உட்காருவோம். ஆஸ்பத்திரிக்கென்று தனியாக வைத்திருக்கிற 3 லட்சத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மீதி எவ்வளவு இருக்கிறதோ அதை, அவளுக்குத் தொண்ணூறு ஆக எத்தனை வருடம் இருக்கிறதோ அதால் வகுப்போம். இந்த வருடம் 18 லட்சத்து 40 ஆயிரம். அவளுக்கு 67, ஆக 23 வருடம். வகுத்தால் 80,000. இந்த வருடம் பானையிலிருந்து நாங்கள் எடுக்கலாமென்பது அவ்வளவுதான். மாடிப் போர்ஷன் வாடகை 8,000, என் ஓய்வூதியம் 1,900, இதோடு அந்த 80,000-ஐப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துக்கொள்கிறோம். வட்டியாக அதைவிட அதிகம் வருகிறதுதான். மிச்ச வட்டி எங்களுடையது இல்லை, நாளைய விலைவாசியுடையது என்று திரும்ப டெபாசிட்டில் சேர்த்துவிடுகிறோம். வருடம் போகப் போக வகுக்கும் எண் சின்னதாகும், எடுக்கிற தொகை தானாகப் பெரிதாகும். ஒரு கட்டத்தில் வட்டியைத் தாண்டி முதலிலிருந்தும் எடுப்போம். அன்றைக்கு எனக்குக் கை நடுங்காது.

இதை நானாகப் போட்டுக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் ஓய்வுக்காலக் கணக்கு வைத்திருப்பவர்கள் 73 வயதானதும் வருடாவருடம் ஒரு பங்கை எடுத்தே ஆக வேண்டுமாம், 73-இல் இருப்பை 26.5-ஆல் வகுக்கச் சொல்லி அரசாங்கமே அட்டவணை வைத்திருக்கிறது என்று மருமகன் சொன்னார். அது வரி வாங்குவதற்காகப் போட்டது. ஆனாலும் வகுக்கிற முறை ஒன்றுதான்.

உங்களுக்கு 39-ஐ 36-ஆல் வகுத்தால் வருடம் 1,08,000 சொச்சம், மாதம் 9,000. கார்த்தி தம்பி சொன்ன அமெரிக்கக் கணக்கு 13,000. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வயதுக்கு நியாயமான தொகை இருக்கிறது. 27,000-இல் ஓய்வூதியம் போக நீங்கள் எடுக்க நினைப்பது 22,900. இந்த இடைவெளியைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். எந்தத் திட்டத்தில் அரை சதவீதம் கூட என்பது அதற்குப் பிறகு.

தல்லாகுளம் ஏஜென்ட் அக்கா, ஆகஸ்ட் 19, 2025

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். வட்டி 26,050 வருகிறது, செலவு அடங்கிவிடுகிறது என்று எழுதியபோது இந்த வருடத்துச் செலவை மட்டும்தான் பார்த்தேன். இனி என்னிடம் வருகிறவர்களிடம் மனைவியின் வயதையும் கேட்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். சேமிப்புத் திட்டத்தை நடுவில் முடிக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் என்றால் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள், இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு சதவீதம். ஒரு வருடத்துக்குள் உடைத்தால்தான் வாங்கிய வட்டியைத் திருப்பித் தர வேண்டும். அதனால் அவசரத்துக்கு வேண்டியதை வெளியே வைத்துவிட்டு மீதியைப் போடுங்கள்.

வில்லாபுரம் ஸ்டோர்ஸ்காரர், ஆகஸ்ட் 23, 2025

ஐயா, உங்கள் பதிலைப் பேப்பரில் எழுதி வீட்டில் காட்டினேன். அவள் அந்த முழங்கால் பத்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். "கணக்கெல்லாம் நீங்க பாருங்க, எனக்கு 68-ல ஒண்ணும் இல்லைன்னு வர்ற மாதிரி மட்டும் வேண்டாம்" என்றாள். முப்பது வருடத்தில் பணத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

பழைய கம்பெனியில் ஸ்டாக் சரிபார்க்க வாரம் மூன்று நாள் வரச் சொல்கிறார்கள், 12,000 தருவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அதே கேட்டுக்குள் போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை போகிறேன்.

மகனிடமும் பேசிவிட்டேன். அந்த 39, 25, 5 என்கிற எண்களை போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத்தான் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இது எனக்குத் தெரியாதுப்பா, பணம் நிறைய வந்திருக்குன்னுதான் நினைச்சேன்" என்றான். ஃபிளாட்டை இரண்டு வருடம் தள்ளிப் போடுகிறானாம்.

இன்னொன்று கேட்க வேண்டும். 27,000-இல் மொய் மட்டும் சராசரியாக 3,000 இருக்கிறது. மகன் கல்யாணத்துக்கு 2022-இல் வந்த மொய் 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நோட்டைப் பார்த்தால் இன்னும் 3 லட்சத்துக்கு நான் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது. 22,000-க்குக் குறைக்க வேண்டுமென்றால் இதில்தான் கை வைக்கத் தோன்றுகிறது. ஆனால் எப்படி நிறுத்துவது?

திருநகர் பெரியவர், ஆகஸ்ட் 24, 2025

நிறுத்தக் கூடாது தம்பி. வாங்கிய மொய் கடன். நம்மூரில் அது இல்லாமல் எத்தனையோ கல்யாணம் நடந்திருக்காது. ஆனால் அதை மாதச் செலவில் எழுதியதுதான் தவறு. 39 லட்சத்தில் 3 லட்சம் உங்களுடையது இல்லை, அந்த நோட்டில் பெயர் இருப்பவர்களுடையது. அதைத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். பத்திரிகை வரவர அந்தந்த ஆளுக்கு எழுதியிருக்கிற தொகையை அதிலிருந்து எடுத்துச் செய்யுங்கள், செய்தவுடன் பெயரை அடித்துவிடுங்கள். புதிதாக மொய் ஏற்ற வேண்டாம். வாங்காத இடத்துக்கு ஆளாகப் போய், சாப்பிட்டு, வாழ்த்திவிட்டு வந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மாதச் செலவு இப்போதே 24,000 ஆகிவிட்டது. இன்னும் 2,000 குறைப்பது அவ்வளவு பெரிய பாடில்லை.

மறைக்காமல் சொல்ல வேண்டும், 39 என்று நான் போட்ட கணக்கு இப்போது 36. இருபத்தோரு வருடம் இருபதாகக் குறையும். ஆஸ்பத்திரிக்கு 3 லட்சம் ஒதுக்கி டெபாசிட்டில் வையுங்கள். அதை வெளியே விட்டால், மீதி 33-இல் 27 லட்சத்தை அக்கா சொன்ன சேமிப்புத் திட்டத்தில் போட்டால் மூன்று மாதத்துக்கு 55,350 வரும். ஓய்வூதியத்தோடு மாதம் 22,550. மீதி 6 லட்சம் மாத வருமானத் திட்டத்தில், அந்த 3,700 ரூபாயைக் கையில் வாங்காமல், மாதாமாதம் கட்டுகிற ஆர்.டி. டெபாசிட்டுக்குத் திருப்புங்கள். வேலை பார்க்கிற நாலு வருடமும் அந்த 12,000-ஐ வைத்து வீட்டை நடத்தி, மிச்சமாகிற வட்டியையும் அதே ஆர்.டி.யில் போடுங்கள். கார்த்தி தம்பி சொல்கிற ஃபண்ட் உங்களுக்கு வேண்டுமா என்பதை அடுத்த சித்திரையில், அந்த ஆர்.டி. பணத்தை வைத்து மட்டும் யோசியுங்கள்.

கணக்கு ஆரம்பிக்கும்போது மனைவியையும் சேர்த்து ஜாயின்ட்டாக ஆரம்பியுங்கள். கம்பெனியிலிருந்து ஓய்வுப் பணம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், 60 ஆகாதவர்களிடம் அதைக் கேட்பார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறீர்களே, அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அக்டோபர் 4 வரை நாள் இருக்கிறது என்று ஆயுத பூஜை லீவில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.